என்னைத் தாங்க ஒரு ஆள்

நான் ஒரு சபதம் எடுத்தேன். அமெரிக்கா போனாலும் போவேன், போகாவிட்டாலும் இருப்பேன். ஆனால் மாமியாரின் கையெழுத்தில் மட்டும் போகமாட்டேன்.

சபதம் எடுத்த இடம் பரிஸ் நகரத்தை ஒட்டிய லெ பிளாங்-மெனிலில் எங்கள் வீட்டுக் குசினி. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்திருந்தோம். ஆட்டிறைச்சி கொதித்துக்கொண்டிருந்தது. என் மனைவி றஜனி கரண்டியால் ஒரு துண்டை எடுத்து, வெந்துவிட்டதா என்று அழுத்திப் பார்த்தாள். இறைச்சியைத்தான். நான் வெந்துகொண்டிருந்ததை அவள் பார்க்கவில்லை.

விஷயம் இதுதான். றஜனி நியூ ஜெர்சியில் வளர்ந்தவள், அமெரிக்கப் பிரஜை. நாலு வருடத்துக்கு முன் என்னைக் கலியாணம் செய்து பரிஸ் நகருக்கு வந்தாள். நான் செசில். லாச்சப்பல் தமிழ்க் கடைத்தெருவில் ஒரு சாறிக் கடையில் பதினொரு வருடமாக வேலை. அடுத்தவன் மனைவிக்கெல்லாம் மடிப்பு மடிப்பாக விரித்துக் காட்டுகிறவன். வீட்டுக்கு வந்தால் றஜனி என்னை மடித்து வைத்துவிடுவாள்.

அவளுக்கு இப்போது ஊர் திரும்ப ஆசை. அவளுடைய ஊர். எனக்குக் கிரீன் காட் எடுக்க விண்ணப்பித்தாள். கலியாணப் பதிவு, பொலிஸ் சான்றிதழ் எல்லாம் போய்ச் சேர்ந்தன. மிச்சம் ஒரேயொரு பத்திரம். ‘இந்த மனிதர் அமெரிக்க அரசாங்கத்தின் தலையில் விழமாட்டார், விழுந்தால் நான் தாங்குவேன்’ என்று எழுதிக் கையெழுத்து வைக்கிற பத்திரம். றஜனியும் வைப்பாள். ஆனால் அவள் இங்கே சின்னப் பிள்ளைகளுக்கு இங்கிலிஷ் படிப்பித்து வாங்குகிற சம்பளம் பரிசோடு முடிந்துவிடும், அது காணாது. அதனால் அமெரிக்காவில் இருந்துகொண்டு, அங்கேயே உழைக்கிற இன்னொருவரும் சேர்ந்து என்னைத் தாங்க வேண்டும்.

“அம்மா வைப்பா,” என்றாள் றஜனி.

மாமி மரியநாயகி ஆஸ்பத்திரியில் தலைமைத் தாதி. கலியாண வீட்டில் எல்லாரும் என் கையைக் குலுக்கினார்கள். மாமி மட்டும் நாடி பிடித்துப் பார்த்தார். “பொடியன் கொஞ்சம் சோர்வு. ஆனா ஓடும்,” என்றார். பழைய கார் வாங்க வந்தவர்கள் அப்படித்தான் சொல்வார்கள்.

“உம்மடை அம்மாவின்ரை கையெழுத்து எண்டால் பிறகு அம்மாவின்ரை வீடு. அம்மாவின்ரை வீடு எண்டால் அம்மாவின்ரை சட்டம். எனக்கு வேண்டாம்!”

“சரி,” என்றாள் றஜனி.

நாலு வருடத்தில் அவள் இவ்வளவு விரைவாகச் சரி சொன்னதில்லை. புத்தியுள்ள புருஷன் அந்த இடத்திலேயே பயந்திருப்பான். நான் கறிக்கு உப்புக் காணுமா என்று பார்த்தேன்.

“அப்ப றொபினைக் கேக்கிறன்.”

“ஆர் றொபின்?”

“றொபின்சன். என்னோடை பள்ளிக்கூடத்திலை படிச்சவன். இப்ப டொக்டர். நல்ல வருமானம்.”

“நாலு வருசமா இந்தப் பேரை நான் கேள்விப்படேல்லையே?”

“நாலு வருசமா எனக்கு ஸ்பொன்சர் தேவைப்படேல்லையே.”

அடுத்த நாள் நான் வேலையால் வந்து சப்பாத்தைக் கழற்ற முன்னமே செய்தி வந்தது.

“றொபின் ஓம் எண்டிட்டான்.”

“கேட்ட உடனையோ?”

“கேட்டு முடிக்க முன்னம்.”

“யோசிக்கக்கூட இல்லையோ?”

“என்ரை விசயத்திலை அவன் எண்டைக்கு யோசிச்சவன்?”

அந்த ஒரு வசனத்தை வைத்துக்கொண்டு நான் இரண்டு கிழமை நித்திரை இல்லாமல் இருந்தேன். படமும் பார்த்தேன். ஆறடி உயரம், வெட்டி விட்ட தாடி, வாய் நிறையச் சிரிப்பு. முப்பத்திரண்டு பல்லும் தெரிந்தது. அதில் ஒரு நாலைக் கழித்துவிட வேண்டும் போலிருந்தது எனக்கு.

அதோடு அவள் ஃபோனும் கையுமாகத் திரிந்தாள். பருப்புக் கடையும்போது ஒரு மெசேஜ். சிரிப்பாள். உடுப்புக் காயப்போடும்போது ஒரு மெசேஜ். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள். என் பகிடிக்கு அவள் வயிற்றைப் பிடித்தது, போன வருடம் நண்டு ஒத்துக்கொள்ளாத அன்றைக்குத்தான்.

நான் அந்தப் பத்திரத்தின் விதிகளைத் துருவிப் படித்தேன். ஒரு இடத்தை மூன்று தரம் படித்தேன்.

“றஜனி, நாங்கள் பிரிஞ்சாலும் இவர் என்னைத் தாங்கவேணும் எண்டு கிடக்கே?”

“ஓம். விவாகரத்து ஆனாலும் அந்தப் பொறுப்புப் போகாது.”

“அப்ப உம்மை?”

“நான் அந்த நாட்டுப் பிரஜை. என்னை ஒருத்தரும் பத்திரம் எழுதித் தாங்கத் தேவையில்லை.”

“பத்திரம் எழுதாமல் தாங்குவாரோ?”

“என்ன கேட்டனீங்கள்?”

“கறி நல்லாயிருக்கு எண்டனான்.”

கடையில் என் முதலாளி, பத்ரோன் குகதாசன் அண்ணையிடம் சொன்னேன். காஞ்சிபுரம் பட்டுகளை நிறம் நிறமாக அடுக்கிக்கொண்டிருந்தவர் கையை நிறுத்திவிட்டார்.

“ஒரு பொம்பிளை கேட்ட உடனை ஒருத்தன் அவளின்ரை புருசனைத் தாங்கிறன் எண்டுறானே செசில், அவன் தாங்கப்போறது புருசனையே?”

“அதுதான் அண்ணை என்ரை வயிறு எரியுது.”

“எரிஞ்சு காணாது. அவனாய்க் கழண்டு போகவேணும். நீ ஒரு பெரிய செலவு எண்டு அவனுக்கு விளங்கப்பண்ணு.”

அண்ணையின் மூளை அப்படிப்பட்டது. பதினொரு வருடமாக அதை என் சம்பளத்தில் மட்டுமே பாவித்துவந்தார்.

றஜனி குளிக்கிற நேரத்தில் அவளுடைய ஃபோனிலிருந்து றொபினின் இலக்கத்தை எடுத்தேன். மறுநாள் மாலை மூன்று மணி. கடையில் ஆள் குறைவு. நியூ ஜெர்சியில் காலை ஒன்பது. பின்பக்க அறையில் பட்டுப் பெட்டிகளுக்கு நடுவில் நின்று அழைத்தேன்.

“ஹலோ, டொக்டர் றொபின்சன்.”

குரலும் நல்ல குரல். அறுவான்.

“நான் றஜனியின்ரை மனுசன். பரிசிலையிருந்து.”

“ஓ, அண்ணையோ! சுகமா இருக்கிறியளோ?”

“இல்லை. அதைச் சொல்லத்தான் எடுத்தனான்.”

பச்சை அட்டைக்காக எவனெவனோ தன்னை உயர்த்திப் பச்சைப் பொய் சொல்லியிருப்பான். என்னைத் தாழ்த்திச் சொன்ன முதல் ஆள் நான்தான். எனக்குச் சுகர் என்றேன். பிரஷர் என்றேன். இரவில் விடும் குறட்டைக்குக் கீழ்வீட்டுக்காரர் பொலிசைக் கூப்பிட்டார் என்றேன். ஒரு நேரத்துக்கு ஒன்பது இடியப்பம் சொதி விட்டுச் சாப்பிடுவேன், அது வெறும் ஆரம்பம் என்றேன். வேலையென்றால் உடம்பில் தடிப்புப் போடும் என்றேன்.

அவன் குறுக்கே பேசவில்லை. நடுவில் மட்டும், “இன்னும் நல்லாத் திறவுங்கோ,” என்றான்.

மனதைத் திறக்கச் சொல்கிறான் என்று நினைத்தேன். திறந்தேன். குதிரைப் பந்தயம் கட்டுகிறவன் என்றேன். குதிரையை நான் படத்தில்தான் பார்த்திருக்கிறேன்.

“கொஞ்சம் நோகும். பொறுத்துக்கொள்ளுங்கோ,” என்றான் ஆறுதலாக.

எதிரியாக இருந்தாலும் இங்கிதம் தெரிந்தவன். பிறகு கொஞ்சம் யோசித்து, “இதை வைச்சிருக்கிறதோ, பிடுங்குறதோ, என்ன சொல்லுறியள்?” என்றான்.

இதற்காகத்தானே நான் காத்திருந்தேன்! இந்தத் தொடர்பையே கேட்கிறான்!

“பிடுங்குங்கோ!” என்று கத்தினேன். “வேரோடை பிடுங்கி எறியுங்கோ!”

தூரத்தில் யாரோ முனகுவது போலக் கேட்டது. லைன் வெட்டுப்பட்டது.

அடுத்த நாள் றஜனி மேசையில் கன்னத்தில் கைவைத்து இருந்தாள்.

“றொபின் மாட்டானாம். கையெழுத்து வைக்கேலாதாம்.”

“அட கடவுளே!” என்றேன். முகத்தைச் சோகமாக வைத்திருக்கப் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். “இந்தக் காலத்திலை ஆரை நம்புறது?”

“பரவாயில்லை. நான் வேறை வழி யோசிச்சிட்டன். முதல் நான் தனியப் போறன். அங்கை ஒரு வேலை எடுத்து, என்ரை சம்பளத்தையே காட்டி உங்களை எடுக்கிறன். ஆறேழு மாதம்தான்.”

“தனியவோ?”

“தனிய எண்டு சொல்லேலாது. கையெழுத்துத்தான் ஏலாதாம், மற்ற உதவியெல்லாம் றொபின் செய்வானாம்.”

“மற்ற உதவி எண்டால்?”

“ஏர்போட்டுக்கு வருவான். வீடும் பாத்துவைச்சிருக்கிறான். அவன்ரை அப்பார்ட்மெண்டுக்கு எதிர் அப்பார்ட்மெண்ட். அம்மா வீட்டுக்குத்தான் போகக்கூடாது எண்டு நீங்கள் சபதம் எடுத்திருக்கிறியளே.”

எதிர் அப்பார்ட்மெண்ட்! காலையில் கதவைத் திறந்தால் அவன். மாலையில் கதவைத் திறந்தால் அவன். கதவைத் திறக்காவிட்டாலும் அவன் தட்டுவான். ஏழு மாதம்! ஏழு மாதத்தில் ஒரு பிள்ளை பல்லு முளைத்துத் தவழத் தொடங்கிவிடும்!

பால்கனிக்குப் போய்க் கதவைச் சாத்தினேன். மாமியை அழைத்தேன். கலியாணமாகி நாலு வருடத்தில் நானாக எடுத்த முதல் அழைப்பு.

“மாமி, சுகமோ?”

“சுகம் தம்பி. மெதுவாத்தான் கதைப்பன். வாயிலை நோ.”

“அந்த ஸ்பொன்சர் பேப்பர், மாமி…”

“எந்தப் பேப்பர்?”

“என்னைத் தாங்குற பேப்பர்.”

“அதுக்கென்ன?”

“நீங்கள்… வைப்பியளோ எண்டு…”

“என்னத்தை வைக்கிறது தம்பி? விளக்கமாக் கேளுங்கோ.”

“என்னை நீங்களே தாங்குங்கோ மாமி!” என்றேன். பக்கத்து பால்கனியில் புகைத்துக்கொண்டிருந்த பிரெஞ்சுக்காரன் திரும்பிப் பார்த்தான்.

“கையெழுத்து வைச்சு ரெண்டு மாதம் தம்பி. மேசையிலைதான் கிடக்கு. உங்கடை வாயாலை ஒருக்காக் கேக்கட்டும் எண்டு றஜனி சொன்னவ. நாளைக்கே அனுப்பிறன். கீழ் அறைக்கு வெள்ளையும் அடிச்சாச்சு. உங்கடை குறட்டைக்கு அதுதான் வசதி.”

“என்ரை குறட்டையோ?”

“சுகருக்குக் குரக்கன் புட்டுத்தான். இடியப்பம் மூண்டுக்கு மேலை இல்லை. அந்தக் குதிரைப் பழக்கத்தை மட்டும் பரிசிலையே விட்டிட்டு வாங்கோ.”

பால்கனிக் கதவு சாத்தித்தான் இருக்கிறதா என்று திரும்பிப் பார்த்தேன்.

“மாமி… உங்களுக்கு இதெல்லாம் ஆர் சொன்னது?”

“நீங்கள்தான். றொபின் என்ரை பல்லு டொக்டர் எல்லோ. நான் வாயைத் திறந்தபடி கதிரையிலை கிடக்கிறன், நீங்கள் எடுக்கிறியள். கையிலை கையுறை எண்டு அவன் ஸ்பீக்கரிலை போட்டவன். என்னட்டை அவன் பல்லை வைச்சிருக்கிறதோ பிடுங்குறதோ எண்டு கேக்க, எனக்குக் கதைக்கேலாது. நீங்கள் வேரோடை பிடுங்கு எண்டு கத்தினியள். அவன் பிடுங்கிப்போட்டான்.”

நான் உள்ளே வந்தேன். றஜனி ஆறுதலாக வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

“நீர் றொபினை ஒண்டுமே கேக்கேல்லையோ?”

“இல்லையே. அவனுக்குக் கலியாணமாகி மூண்டு பிள்ளையள். பாவம், அவனை ஏன் கரைச்சல்படுத்துவான்?”

“அப்ப அந்த எதிர் அப்பார்ட்மெண்ட்?”

“அவன் இருக்கிறது தனி வீட்டிலை,” என்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வெங்காயத்தால் அல்ல.

மாமியின் பத்திரம் போய்ச் சேர்ந்தது. சில மாதங்களில் அமெரிக்கத் தூதரகத்தில் நேர்முகத்துக்குத் திகதி வந்தது. கலியாணம் உண்மையானது என்று அங்கே நிரூபிக்க வேண்டும். நான் மூன்று அல்பம் கட்டினேன். கலியாணம், சுற்றுலா, சென் தெனிச் சந்தையில் றஜனி முன்னே நடக்க நான் பையோடு பின்னே போகும் படம் எல்லாம் திகதிவாரியாக.

யன்னலுக்கு அந்தப் பக்கம் இருந்தவன் இளம் ஆள். றஜனியின் கடவுச்சீட்டைப் பார்த்தான். பிறந்து வளர்ந்த இடம் எது என்று கேட்டான். நியூ ஜெர்சியில் எடிசன் என்றாள். அவன் கதிரையில் நிமிர்ந்தான். தான் பக்கத்து ஊரான மெட்டச்சனாம்! அவ்வளவுதான். இங்கிலிஷ் பாய்ந்தது. ஏதோ பீட்சாக் கடை, ஏதோ ஸ்டேஷன், ஏதோ வாத்தியார். எனக்குப் பத்துச் சொல்லுக்கு ஒன்று விளங்கியது. அந்த ஒன்றும் எனக்குப் பிடிக்கவில்லை. அவன் சிரித்தான். அவள் சிரித்தாள். காதோரத்து மயிரை ஒதுக்கிவிட்டு இன்னொரு தரம் சிரித்தாள். நான் மூன்று அல்பத்தையும் நெஞ்சோடு இறுக்கிப் பிடித்துக்கொண்டு அவனையே பார்த்தேன்.

அவன் என் பக்கம் திரும்பினான். கொஞ்ச நேரம் என்னைக் கவனமாகப் பார்த்தான்.

“மிஸியூ, சுகந்தானே?” என்றான் பிரெஞ்சில்.

“நல்ல சுகம்,” என்றேன் பல்லைக் கடித்தபடி.

“வாழ்த்துக்கள். உங்கள் விசா சரி.”

வெளியே வெயில் அடித்தது. எனக்கு இரண்டு அடி உயரம் கூடியிருந்தது.

“பாத்தீரே!” என்றேன். “மூண்டு அல்பம்! ஒவ்வொரு படத்துக்கும் திகதி! இப்பிடி ஆதாரம் கட்ட இந்தப் பரிசிலை வேறை ஆர் இருக்கினம்?”

றஜனி என் கையிலிருந்த சுமையில் ஒன்றை வாங்கிக்கொண்டு மெத்ரோப் படியில் இறங்கினாள்.

“அல்பத்தை அவன் திறக்கவேயில்லையப்பா. நான் சிரிக்கேக்கை உங்கடை மூஞ்சையை ஒருக்காப் பார்த்தவன். கலியாணம் உண்மைதான் எண்டு எழுதிப்போட்டான்.”