சென்சார் சார் காட்டிய பச்சை வழி

திருச்சி மாநகரில் தூரத்தைக் கிலோமீட்டரில் சொன்னால் கோபித்துக்கொள்ளும் ஒரே மனிதர் எங்கள் சென்சார் சார்தான். "துவாக்குடி எவ்வளவு தூரம் சார்?" என்று கேட்டால், "எப்பப் போறீங்க?" என்று திருப்பிக் கேட்பார். காலை என்றால் ஒரு பதில், சாயங்காலம் என்றால் ஒரு பதில், மழை என்றால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு ஒரு பதில். "கிலோமீட்டர்ங்கிறது ரோட்டோட சொந்த விஷயம். நமக்கு எதுக்கு அது?" என்பார்.

அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்க வேண்டும். ஆனால் வாட்ச்மேன் முதல் முதலாளி வரை எல்லோருக்கும் அவர் சென்சார் சார். தில்லை நகரில் ஒரு மாடியில் இயங்கிய அந்தச் சின்னக் கம்பெனியில் நான் சேர்ந்தபோது அவர்தான் எனக்கு மேலதிகாரி. எங்கள் வேலை இதுதான்: காவிரிப் பாலத்துக்கு இந்தப் பக்கம் அண்ணா சிலை அருகே கம்பத்தில் ஒரு சென்சார் பெட்டி, அந்தப் பக்கம் மாம்பழச் சாலையில் இன்னொரு பெட்டி. வண்டியில் போகிறவரின் போனில் உள்ள ப்ளூடூத்தை முதல் பெட்டி குறித்துக்கொள்ளும். அதே போன் அடுத்த பெட்டியைத் தாண்டும்போது அதுவும் குறித்துக்கொள்ளும். இடைப்பட்ட நேரம்தான் பாலத்தைக் கடக்க ஆகும் நேரம். கம்ப்யூட்டரில் அது பச்சை, மஞ்சள், சிவப்பு என்று நிறமாகத் தெரியும்.

ப்ளூடூத்தை அணைத்து வைத்திருப்பவர்கள் பெட்டியின் கண்ணுக்குத் தெரிய மாட்டார்கள். சார் அதைத் தனக்கு நேர்ந்த அவமானமாக எடுத்துக்கொண்டார். சிக்னலில் நிற்கும் கார்களின் கண்ணாடியைத் தட்டி, "ப்ளூடூத் ஆன்ல இருக்குங்களா?" என்பார். பாதிப் பேர் பதறிப்போய் லைசென்ஸை எடுத்து நீட்டினார்கள். லைசென்ஸ் இல்லாத ஒருவர், "இனிமே இப்படி வரமாட்டேன் சார்" என்று கும்பிட்டார்.

மாம்பழச் சாலைப் பெட்டிக்குக் கீழே ஒரு டீக்கடை. "இது என்னங்க, கேமராவா?" என்று டீ மாஸ்டர் கேட்டார்.

"சேச்சே, அது பார்க்கவே பார்க்காதுங்க. கேக்க மட்டும்தான் செய்யும்" என்றார் சார், சமாதானம் சொல்வதாக நினைத்துக்கொண்டு.

அன்றோடு அந்தக் கடையில் அரசியல் நின்றது. மாமியார் மருமகள் பேச்சு நின்றது. பேச்சு நின்றதும் இரண்டாவது டீயும் நின்றது. டீ மாஸ்டர் கையில் கரண்டியோடு எங்கள் ஆபீஸ் படியேறி வந்துவிட்டார். ஒரு வாரம் சாரே அந்தப் பெட்டிக்குக் கீழே உட்கார்ந்து எங்கள் முதலாளியை உரக்கத் திட்டிக் காட்டிய பிறகுதான் கூட்டம் திரும்பியது.

இப்படிப்பட்டவரை என் கல்யாணத்துக்கு அழைத்தேன். பத்திரிகையைக் கையில் வாங்கியவர் மாப்பிள்ளை பெயரைக்கூடப் பார்க்கவில்லை. "மண்டபம் ஸ்ரீரங்கமா? வீடு பொன்மலையா? காலைல முகூர்த்தமா? வழியை நான் பார்த்துக்கறேன்மா" என்றார்.

சொன்னபடியே விடிவதற்குள் எங்கள் ரயில்வே குவார்ட்டர்ஸ் வாசலுக்கு லேப்டாப்போடு வந்து நின்றார். வேனில் அப்பா, அம்மா, முழங்கால் வலிக்காரரான என் பெரியம்மா, பட்டுப்புடவையில் நான்.

"பால்பண்ணை போயி பைபாஸ் பாலத்துல ஏறிடலாம்ங்க" என்றார் டிரைவர்.

"எதுக்குச் சுத்தணும்? டவுன் வழியாப் போங்க. காவிரிப் பாலம் பச்சையா இருக்கு, பாருங்க!"

டிரைவர் என்னைப் பார்த்தார். அந்தப் பெட்டியின் சம்பளத்தில் வாங்கிய வளையல் என் கையில் இருந்தது. பெட்டியை நம்ப மாட்டேன் என்று எந்த வாயால் சொல்வேன்? "சார் சொல்றபடியே போங்கண்ணே" என்றேன்.

பாலத்தில் பாதி தூரம் போனதும் வேன் நின்றது. முன்னால் நூறு வண்டிகள். அதற்கும் முன்னால், காந்தி மார்க்கெட்டுக்கு வந்துகொண்டிருந்த வாழைத்தார் லாரி ஒன்று அச்சு முறிந்து குறுக்கே கிடந்தது. ரோடு முழுக்கத் தார்கள். சார் லேப்டாப்பைத் திறந்து பார்த்தார். திரையில் இன்னமும் பச்சை.

இறங்கிப்போய்ப் பார்த்துவிட்டு வந்த டிரைவர் சொன்னார்: "உங்க பெட்டி சரியாத்தான் சொல்லுது சார். அம்புட்டும் பச்சைநாடன் தாரு."

யாரும் சிரிக்கவில்லை. சார் மட்டும் திரையையே பார்த்தபடி மெதுவாகச் சொன்னார்: "யாருமே அக்கரை போய்ச் சேரலைன்னா பெட்டிக்கு ஒண்ணும் தெரியாது. கடைசியாச் சொன்னதையே சொல்லிட்டிருக்கு."

"தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லணும்ல சார்?" என்றார் அப்பா.

சார் முகம் தொங்கிப்போனது. (அடுத்த வாரமே அந்தப் பெட்டிக்குத் 'தெரியவில்லை' என்று சொல்லக் கற்றுக்கொடுத்துவிட்டார். அதற்காக முதலாளியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டது தனிக் கதை.) அம்மா அழத் தொடங்கியிருந்தாள். சார் லேப்டாப்பை மூடிவிட்டு வேன் கதவைத் திறந்தார். "இறங்கும்மா. நடந்துருவோம்."

அப்புறம் நடந்ததைப் பாலத்தில் அன்று நின்றவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். லேப்டாப்பைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தபடி, "கல்யாணப் பொண்ணு வருது! வழி விடுங்க! முகூர்த்தம் போயிட்டிருக்கு!" என்று கத்திக்கொண்டு சார் முன்னால். கொசுவத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நான். பின்னால் நகைப் பெட்டியை நெஞ்சோடு அணைத்தபடி அம்மா, சீர்த்தட்டோடு அப்பா. பஸ் ஜன்னல்களிலிருந்து, "சீக்கிரம் ஓடும்மா!" என்று குரல்கள். லாரிக்காரர்கள் தார்களை இழுத்துப் போட்டு எனக்கு வழி செய்தார்கள். அதில் ஒருவர், "வெறுங்கையோட போகாதம்மா" என்று ஒரு சீப்பை அப்பா தட்டில் வைத்தார்.

அக்கரையில் சார் ஓர் ஆட்டோவை மறித்து எங்களை ஏற்றி, டிரைவர் பக்கத்தில் தொற்றிக்கொண்டார். மண்டப வாசலில் மாப்பிள்ளையின் பெரியப்பா இடுப்பில் கைவைத்து நின்றிருந்தார். அப்பா வாயைத் திறப்பதற்குள் சார் முன்னால் போனார்.

"பொண்ணு வீட்டுக்காரங்க மேல தப்பே இல்லீங்க. நேரத்தோட கிளம்பிட்டாங்க. தப்பான வழியைச் சொன்னது நான்."

"நீங்க யாருங்க?"

"டிராஃபிக் இன்ஜினியர்ங்க."

உள்ளேயிருந்து முதலில் வந்த சிரிப்பு மாப்பிள்ளையுடையது. பெரியப்பாவும் சிரித்துவிட்டார். முகூர்த்தம் முடிய இன்னும் கொஞ்சம் நேரம் இருந்தது. தாலி ஏறியது.

அட்சதை விழுந்து நிமிர்ந்து பார்த்தால் சாரைக் காணோம். முதல் பந்தி முடிந்தது, இரண்டாவது பந்தியும் முடிந்தது. வேனிலேயே விட்டுவந்த பெரியம்மாவை அழைத்துவர அவர் பாலத்துக்கே திரும்பிப் போய்விட்டதாக அப்பா சொன்னார்.

எங்களைக் கடைசிப் பந்தியில் உட்கார வைத்தார்கள். சாம்பார் வந்தது, நெய் வந்தது. நான் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"யாரைத் தேடறே?" என்று கேட்டார் புது மாப்பிள்ளை.

அப்போதுதான் மண்டபத்து வாசலில் ஒரு மூன்று சக்கர சைக்கிள் வண்டி வந்து நின்றது. உற்சவமூர்த்தி போல மேலே பெரியம்மா. பின்னால் சட்டை நனைய, மூச்சு வாங்கத் தள்ளிக்கொண்டு வந்தவர் சார்.

"எங்க சாரை" என்றேன்.

மாப்பிள்ளை இலையிலிருந்து கையை எடுத்துவிட்டு, கொஞ்சம் நகர்ந்து, எங்கள் இருவருக்கும் நடுவில் இன்னோர் இலை போடச் சொன்னார்.