இருநூறாவது வெற்றியும் ஒரு மெதுவான பந்தும்

மரியாதைக்குரிய மச்சான் மெர்ல் அவர்களுக்கு,

ஆர்லன் எழுதுவது. நானும் என் தோள்பட்டையும் இருக்கிறோம். தாங்களும் என் தங்கை லெனோராவும் நலம்தானே? முப்பது வருடமாக ‘டேய்’ என்று ஆரம்பிக்கிறவன் இன்று மரியாதை கொடுக்கிறானே என்று திகைக்க வேண்டாம். சந்தேகம் வந்துவிட்டால் எனக்கு மரியாதையும் கூடவே வந்துவிடும்.

ஞாயிற்றுக்கிழமை பேஸ்பால் ஆட்டத்தைப் பற்றித்தான். பந்து வீசும் பிட்சராக எனக்கு நூற்றுத் தொண்ணூற்றொன்பது வெற்றி, உங்களுக்கு இருநூற்றுத் தொண்ணூற்றொன்பது ஹோம் ரன். எது பெரிது என்று கல்யாண வீடு, சாவு வீடு பார்க்காமல் சண்டை போட்டிருக்கிறோம். “ஓட்டம் எடுக்கிறது எட்டுப் பேரு, பேரு மட்டும் உனக்கா? நான் ஒத்தை ஆளா வேலி தாண்டி அடிக்கிறேன்டா” என்பீர்கள். “நீ ஒரு தடவை சுத்திட்டுப் போயி உக்காந்துக்குவ, நான் ஒன்பது இன்னிங்ஸ் கை கழல வீசணும்” என்பேன் நான். இருநூறோ முந்நூறோ தொட்டவன் பெயரைத்தான் நம் மைதானத்துப் பலகையில் எழுதுவார்கள். அதில் இன்றுவரை ஒரு பெயரும் இல்லை. செவ்வாய்க்கிழமை தோளில் கத்தி வைத்துவிட்டால் எனக்குப் பந்து வீச்சே கிடையாது.

ஆகவே அதுதான் என் கடைசி ஆட்டம். கடைசி இன்னிங்ஸில் எங்களுக்கு இரண்டு ஓட்டம் அதிகம், உங்கள் ஆட்கள் இருவர் தளங்களில், இன்னும் ஒரே ஒரு அவுட்டுதான் பாக்கி, மட்டையோடு வந்து நிற்பது நீ. ஒரு ஹோம் ரன் போதும், ஆட்டமும் உனக்கு, பலகையும் உனக்கு. முதல் இரண்டு பந்தையும் காற்றைக் கிழிக்கிற மாதிரி வீசினேன், இரண்டையும் மட்டையில் வாங்கிக் கோட்டுக்கு வெளியே தட்டிவிட்டாய். மூன்றாவது இடுப்பு உயரத்தில், நட்டநடுவில், உருண்டு வருகிற மாதிரி வந்தது. அதை விட்டாய்! மூன்றாவதும் தப்பியதால் நீ அவுட், எனக்கு இருநூறாவது வெற்றி. எங்கள் கேட்சர் கஸ் சொன்னான்: “கை ஓஞ்சு போச்சாடா? அந்தப் பந்தை எங்க வீட்டு நாயே கவ்வியிருக்கும்.” அது எப்படி மச்சான் உனக்கு மட்டும் எட்டாமல் போனது? கேட்டால் “வெயிலு கண்ணுல அடிச்சிருச்சு” என்கிறாய். மூன்று மணியிலிருந்தே வானம் மூடிக் கிடந்தது. அதோடு என் கையைப் பிடித்துக் குலுக்கினாயே, ஒரு கிண்டல்கூட இல்லாமல்! காலையில் லெனோரா ஆப்பிள் பை வேறு கொடுத்தனுப்பினாள். ஆட்டத்தன்று எதிரணிக்கு ஒரு வாய்த் தண்ணீர் கொடுக்காதவள் அவள்.

நீங்கள் எல்லோரும் கூடிப் பேசி எனக்குப் பிச்சை போட்டிருக்கிறீர்கள். அவமானமாக இருக்கிறது. பலகையில் என் பெயரை எழுதுமுன் உண்மையை எழுதிக் கொடுத்துவிடு.

லெனோராவுக்கும் உன் இடுப்புவலிக்கும் என் அன்பு. பிள்ளைகள் தீர்க்காயுசாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
ஏமாற மறுக்கும்
ஆர்லன்

பி.கு.: உறையை ஒட்டும்போது லெனோரா வந்தாள், பிடுங்கிப் படித்தாள், தலையில் அடித்துக்கொண்டாள். “அண்ணே, பை உன் ஆபரேஷனுக்காகக் குடுத்தது. அவரு ஒண்ணும் உனக்கு விட்டுக்குடுக்கல. ஏப்ரல்ல இருந்து ரெண்டு கண்ணுலயும் புரை. சொன்னா டீம்லேருந்து தூக்கிருவாங்கன்னு மறைக்கிறாரு. பந்து வர்ற சத்தத்தை வெச்சுத்தான் மட்டையைச் சுத்துறாரு” என்றாள்.

டேய் மெர்ல், அந்த மூன்றாவது பந்தைக் கை ஓய்ந்து நான் மெதுவாகப் போடவில்லை. உன் முந்நூறாவதை என் கையாலேயே கொடுத்துவிட்டுப் போகலாம் என்றுதான், சத்தமே இல்லாமல் போட்டேன்.