டைட்டானியச் சிமிழை வென்ற அகஸ்ரீனாவின் பெருஞ்சமர்

மேருமலையைச் சட்டியில் இட்டு அவித்து, உப்புக்கு ஏழு கடலையும் அதில் கவிழ்த்து, பதினான்கு உலகுக்கும் பந்தி வைத்த பின்னும் கை ஓயாதவளும், ஐரோப்பியக் கண்டத்தின் உலோகஞானம் முழுவதையும் ஒரே முற்பகலில் மண்டியிடச் செய்தவளும், இத்தாலியின் பலேர்மோ நகரத்து ஆய்வுகூடம் ஒன்றில் தரை துடைக்கும் தனிப்பெருந் தலைவியும் ஆகிய மன்னார் தந்த மறத்தி அகஸ்ரீனா வாழ்க. நம்பாதோர் ஓரமாக நிற்கலாம். இடம் தாராளமாக இருக்கிறது.

தொண்ணூற்றாறாம் ஆண்டு மாசிக் குளிரில் அங்கே மனிதர்க்கு இடுப்பெலும்பு செய்யும் வேள்வி நடந்தது. உலோகத்தை உருக்கிக் கலப்பது பாமரர் தொழிலாம். ஆகவே டைட்டானியப் பொடியையும் நியோபியப் பொடியையும் உருக்குக் குண்டுகளோடு ஓர் உருக்குச் சிமிழில் இட்டு, காற்றுப் பட்டால் பொடி தீப்பற்றுமென்று ஆர்கன் வாயு நிரப்பி மூடி, குண்டுகள் மோதி மோதி இரண்டும் ஒன்றாகும்வரை இருபது மணிநேரம் இயந்திரத்தில் குலுக்கினார்கள். அரிசிமா இடிக்கும் உரலுக்குத் தெரிந்த இந்த வித்தைக்கு அவ்விடத்தில் மூன்று பேராசிரியர்களும் முப்பது கட்டுரைகளும் தேவைப்பட்டன.

வேள்வியின் தளபதி தொத்தோரே, அதாவது கலாநிதி, நிக்கோலா. தைலத்தால் தலையையும் தற்பெருமையால் நெஞ்சையும் மினுக்கியவன். பொறுமை என்னும் பண்டம் மட்டும் கையிருப்பில் இல்லாதவன். முந்தின மாலை, இடித்து முடித்த சிமிழை ஆறவிடாமல், ஆர்கன் நிரம்பிய கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துக் கொதிக்கக் கொதிக்கத் திறந்து எட்டிப் பார்த்தான், சுடச்சுட மூடினான், வீட்டுக்குப் போனான். விடிந்தபோது சிமிழ் குளிர்ந்திருந்தது, மூடி அதனோடு ஒன்றி உறைந்திருந்தது.

தொடங்கியது போர். கண்ணாடிப் பெட்டியின் இரப்பர்க் கையுறைகளுக்குள் தோள்வரை கை நுழைத்து, நரம்பு புடைக்க, பல் நெறிபட, நிக்கோலா திருகினான். பேராசிரியர் பிரான்செஸ்கோ திருகினார். மூடியை இறுக்கிய ஆணிகள் கழன்றன, பேராசிரியரின் ஒரு நகம் கழன்றது, மூடி கழலவில்லை. கடல்போல் வியர்த்த தளபதி, தோற்ற தளபதிகள் எல்லாரும் செய்வதைச் செய்தான்: குற்றவாளியைக் கண்டுபிடித்தான்.

"நேற்று இந்த மேசையைத் துடைத்தவள் அகஸ்ரீனா. எதையோ அழுத்திக் கெடுத்துவிட்டாள்."

ஐயகோ, அவளது வேலைக்கடிதம் பேராசிரியரின் மேசையில் கையெழுத்துக்குக் காத்துக் கிடந்தது. திங்கட்கிழமை அதைக் குவெஸ்தூரா என்னும் காவல் தலைமையகத்தில் நீட்டினால்தான் பெர்மெஸ்ஸோ என்னும் வதிவிட அனுமதி புதுப்பிக்கப்படும். பெர்மெஸ்ஸோ இல்லையேல் பலேர்மோவும் இல்லை. பேராசிரியர் பிரகடனம் செய்தார்: "மூடி திறக்கட்டும். பிறகு கையெழுத்தைப் பார்ப்போம்."

வாயு உருளைகள் சுமக்கும் சோதிலிங்கத்திடம் அவள் மெல்லச் சொன்னாள். "சுடச்சுட மூடியிருக்கினம் அண்ணை. என்ர சோத்துப்பெட்டியும் இப்பிடித்தான். விடியக் கொதிக்கக் கொதிக்கச் சோறு போட்டு மூடினால், ஆறின பிறகு நாலு பேர் இழுத்தாலும் வராது. சூடு காட்டினால் தானா விட்டிடும்."

"பிள்ளை, அது டைட்டானியம். உன்ர புட்டும் சோறும் இல்லை."

"உள்ளுக்கு என்ன கிடக்கெண்டு மூடிக்குத் தெரியுமோ?"

"திறக்காது. நான் எழுதித் தாறன்."

தரை கூட்டும் தும்புத்தடியைச் செங்கோலென ஊன்றி, கற்றோர் அவைமுன் அவள் இத்தாலிய மொழியில் முழங்கினாள்: "மூடியபடியே என்னிடம் தாருங்கள். அரைமணி நேரம் ஒருவரும் தொடாதீர்கள்." வெப்பவியலில் பட்டம் பெற்ற நிக்கோலா சிரித்தான். நகம் இழந்த பேராசிரியர் சிரிக்கவில்லை, கொடுக்கச் சொன்னார்.

அவள் தன் மதியச் சோற்றை நாள்தோறும் சூடாக்கும் சுவரோரத்து அறைச்சூடேற்றியான ரேடியேற்றர்மீது, அந்தச் சோற்றுப்பெட்டியின் அருகிலேயே, சிமிழைத் துவாயால் போர்த்தி அமர்த்தினாள். ஒருபுறம் கறி மணத்தது, மறுபுறம் அறிவியல் வெந்தது. அரைமணி என்னும் அந்த ஊழிக்காலம் கழிந்தது. சிமிழ் மீண்டும் கண்ணாடிப் பெட்டிக்குள் புகுந்தது. தன் கைக்கு இருமடங்கான கையுறைகளுக்குள் கைவிட்டு, மூடியை இரு விரலால் பற்றி, இடப்பக்கமாக ஒரு சிறு திருகு திருகினாள் வீராங்கனை.

புஸ்ஸென்று ஒரு சிறு மூச்சு. மூடி வந்தது. உள்ளே சாம்பல் நிறப் பொடி, யாருடைய இடுப்புக்கோ காத்தபடி, சாதுவாகக் கிடந்தது.

உறைந்து நின்றது அவை. முதலில் உயிர்பெற்ற நிக்கோலா, இம்முறையைத் தான் காலையிலேயே எண்ணியிருந்ததாகவும் 'வெப்பச் சமனாக்கம்' என்ற பெயரில் விரைவில் எழுதப்போவதாகவும் அறிவித்தான். பேராசிரியர் பேனாவைத் திறந்தார். கையெழுத்தின் மை காயுமுன் கடிதத்தை நான்காய் மடித்துச் சட்டைப்பைக்குள் செருகிக்கொண்டு, அகஸ்ரீனா தரை துடைக்கப் போய்விட்டாள்.

ஞாயிறு பூசை முடிந்து கோயில் வாசலில் இந்த வீரகாதை முழங்கியபோது, ஸ்தாசியோனே சென்ட்ராலே ரயில் நிலையம் முதல் மொண்டெல்லோ கடற்கரை வரை பரந்து வாழும் தமிழ்க்குலம் ஒருமித்து நகைத்தது. நகைத்துவிட்டு, தன் ஞானஸ்நானச் சான்றிதழைக்கூட இருமுறை சந்தேகித்த சோதிலிங்கத்தின் திருமுகத்தை நோக்கித் தீர்ப்புக்காகத் திரும்பியது.

அவர் காதைச் சொறிந்துகொண்டு, "ஓம், திறந்தது, நான் அங்கைதான் நிண்டனான்" என்றார்.