யோகராஜ் வீட்டுப் பாதரசம்

ஃபோனை வைத்த பிறகுதான் யோகராஜுக்கு முகம் வேர்த்தது. லேஞ்சியை எடுத்தவர் துடைக்காமல் அப்படியே நிறுத்தினார். காலையில் பூசியது லேஞ்சியோடு வந்துவிடும்.

பேசியது கம்பஸ் மருத்துவ பீடத்து டொக்டர் நுஸ்ஹா. குரல் இனிமையாகத்தான் இருந்தது. அதுதான் பயமாக இருந்தது.

"அங்கிள், உங்கட ரிசல்ட் வந்திருக்கு. மத்தவங்கட மாதிரி இல்ல. நேர்ல வந்து பேசினா நல்லம். சனிக்கிழமை பகல்ல வீட்ல இருப்பீங்களா?"

"இருப்பேன் டொக்டர். ஏன், ஏதாச்சும்..."

"பயப்பட ஒண்ணுமில்ல. வெளிச்சம் இருக்கிற நேரமா வாறோம். வீட்ல எல்லாரும் இருந்தா இன்னும் நல்லம்."

எல்லாரும் இருக்க வேண்டுமாம். வெளிச்சமும் வேண்டுமாம். முகத்தை வைத்துப் பார்க்கப் போகிறார்கள் என்பது யோகராஜுக்கு விளங்கிவிட்டது. அன்று கந்தோரில் மிச்ச நேரம் முழுவதும் அவர் ஒரே கடிதத்தைத் திரும்பத் திரும்பத் தட்டச்சு செய்துகொண்டிருந்தார்.

மூன்று கிழமைக்கு முன் அந்த டொக்டர் யோகராஜ் குடியிருக்கும் மஹய்யாவவில் வீடு வீடாக ஏறி இறங்கினார். முகத்தை வெளுப்பாக்கும் கிரீம்களில் பாதரசம் இருக்கிறதா, அது உடம்பில் சேர்ந்து சிறுநீரகத்தைக் கெடுக்கிறதா, பூசுவதை நிறுத்தினால் சுகம் வருகிறதா என்று ஆராய்ச்சி. கிரீம் பூசுகிறவர்கள் ஒரு பக்கம், பூசாதவர்கள் ஒரு பக்கம். இரண்டு பக்கத்திலும் சிறுநீர் வாங்கி, எவ்வளவு பாதரசம் இருக்கிறது என்று ஒப்பிட்டுப் பார்ப்பார்களாம்.

"அங்கிள் கிரீம் ஏதும் பாவிப்பீங்களா?" என்று கேட்டபோது பதில் சொன்னது அவர் மனைவி டிலானி.

"இவரா?" என்று சிரித்தாள். "கிரீம்ங்கிற பேச்சே இந்த வீட்ல கூடாதுங்க டொக்டர். ரெண்டு வருஷத்துக்கு முந்தி மக ஒரு டப்பா வாங்கிட்டு வந்துட்டா. அதுக்கு ஒரு மணித்தியாலம் பேசினாரு, நம்ம தோலுதான் நம்ம அடையாளம்ன்னு. பக்கத்து வீட்டுக்காரங்க எல்லாம் வாசல்ல வந்து நின்னு கேட்டாங்க."

டொக்டர் 'பூசாதவர்கள்' என்ற பத்தியில் பெயரை எழுதிக்கொண்டார். யோகராஜ் ஒரு பொய்யும் சொல்லவில்லை. வாயையே திறக்கவில்லை. கொடுத்த போத்தலை வாங்கிக்கொண்டு பாத்ரூமுக்குப் போனார், அவ்வளவுதான்.

மகள் சர்மிளாவிடமிருந்து பறித்த டப்பாவை அவர் எறிந்திருக்க வேண்டும். எறியத்தான் நினைத்தார். ஆனால் யோகராஜ் கிழமை நாட்களில் அரசாங்க லிகிதர் என்றாலும் சனி ஞாயிறுகளில் கல்யாண வீடுகளின் அறிவிப்பாளர். கோட் போட்டுக்கொண்டு மைக் பிடித்தால் அவரை அசைக்க ஆளில்லை. அந்தக் கிழமை கம்பளையில் ஒரு கல்யாணம். மணமக்களோடு படம் எடுக்க நின்றவரிடம் ஃபோட்டோக்காரப் பையன், "அண்ணே, படத்துல உங்க பல்லு மட்டுந்தான் விழுது, கொஞ்சம் லைட் பக்கமா வாங்க," என்றான். மண்டபமே சிரித்தது. யோகராஜும் சிரித்தார். அன்று வீட்டுக்கு வந்து டப்பாவைத் திறந்தார்.

இப்போது பாவிப்பது ஒன்பதாவது டப்பா. கந்தோர் விலாசத்துக்குத் தபாலில் வரும்.

ஃபோன் வந்த அன்றைக்குப் பஸ்ஸில் வரும்போதே ஃபோனில் தேடிப் படித்துவிட்டார். பெரிய மீன்களிலும் பாதரசம் உண்டாம். அதைப் படித்ததும் மூச்சு சீரானது. யாரும் கேட்குமுன் நாமே சொல்லிவிடுவது நல்லது என்று, சப்பாத்தைக் கழற்றும்போதே தொடங்கினார்.

"கம்பஸ் டொக்டர் பேசினாங்க. எனக்கு மேர்குரி கூடவாம்."

டிலானி அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள். "எதுனாலயாம்?"

"மீனாலதான் இருக்கும்."

உயர்தரத்தில் உயிரியல் படிக்கும் சர்மிளா புத்தகத்திலிருந்து நிமிர்ந்தாள். "நாங்க மூணு பேரும்தானேப்பா மீன் திங்கிறோம். ஒங்களுக்கு மட்டும் எப்பிடி?"

"எனக்குத்தானே எப்பவும் தலைத்துண்டு," என்றார் யோகராஜ்.

டிலானி அப்படியே கதிரையில் உட்கார்ந்துவிட்டாள். பார்த்துப் பார்த்துத் தலைத்துண்டை வைத்தது அவள்தானே. இப்படிக் கணவனுக்குத் தன் கையாலேயே நஞ்சு பரிமாறியதை எண்ணிக் கலங்கி, மற்ற வீடுகளாவது பிழைக்கட்டும் என்று, தங்கள் வரிசை வீட்டுக்காரர்களின் வட்ஸ்அப் குழுவில் மூன்று நிமிடத்துக்குக் குரல் பதிவு போட்டாள். கடைசியில் அழுகை வந்து பாதியில் நின்றதால், கேட்டவர்களுக்கு யோகராஜ் இன்னும் எத்தனை நாள் என்ற அளவுக்கு விளங்கியது.

மறுநாள் காலையில் மீன்கார லெட்சுமணனின் மோட்டார் சைக்கிள் ஹோர்ன் வழக்கம்போல அடித்தது. ஒரு கதவும் திறக்கவில்லை.

யோகராஜுக்கு அதைக் கவனிக்க நேரமில்லை. சனிக்கிழமைக்கு முன் டப்பாவை இல்லாமலாக்க வேண்டும். பத்திரிகைத் தாளில் சுற்றி, மரக்கறித் தோலுக்கு அடியில் புதைத்து, குப்பைப் பையை வாசலில் வைத்துவிட்டுக் குளிக்கப் போனார். தலை துவட்டிக்கொண்டு வரும்போது, குப்பை லொறியில் வரும் பாலம்மா படியில் நின்றிருந்தாள். கையில் டப்பா.

"சேர், இது உக்காத குப்பை. புதன்கிழமைதான் எடுப்போம். மரக்கறியோட போட்டா எங்களுக்குத்தான் ஏச்சு விழும்." டப்பாவைத் திருப்பிப் பார்த்தாள். "எங்க மகளும் இதத்தான் கேக்குது. பூசினா வெளுக்குமா சேர்?"

"எனக்கு எப்பிடித் தெரியும்?" என்று கேட்டு, பிடுங்காத குறையாக டப்பாவை வாங்கிக் காற்சட்டைப் பைக்குள் திணித்தார். அன்றிலிருந்து அது அவரோடேயே கந்தோர் போனது, வந்தது, சாப்பிட உட்கார்ந்தது.

வியாழக்கிழமை பின்னேரம் லெட்சுமணன் வாசலுக்கே வந்துவிட்டான். நல்ல மனிதன், பத்து வருடமாக அந்தப் படிக்கட்டெல்லாம் பெட்டி தூக்கி ஏறுகிறவன். கோபத்தைவிட அவன் முகத்தில் குழப்பம்தான் இருந்தது.

"அண்ணே, நான் ஒங்களுக்கு என்ன செஞ்சேன்? மூணு நாளா பெட்டியில ஐஸ் மட்டுந்தான் கரையுது. என் மீன்ல ரசம் இருக்காம். புளியும் மொளகும் போட்டா விக்கிறேன்?"

"அது வேற ரசம் லெட்சுமணன். பாதரசம்."

"எந்த ரசமோ. ஊர் பூரா அண்ணி பேசினதுதான் ஓடுது. நேத்து அக்குறணைப் பக்கம் போனேன், அங்கயும் கேக்குறாங்க, 'நீதானே அந்த மஹய்யாவ மீன்காரன்'ன்னு."

யோகராஜுக்கு மனது கேட்கவில்லை. மீனைக் காப்பாற்ற வேறு எதையாவது காட்டிக்கொடுத்தாக வேண்டும். "மீனால இல்லன்னு இப்பதான் எனக்கே தெரிஞ்சது. வீட்ல காய்ச்சல் பாக்கிற பழைய தேமாமீட்டர் ஒண்ணு ஒடைஞ்சு கெடந்திருக்கு. அதுலயிருந்து வந்ததுதான்."

"எந்தத் தேமாமீட்டர்?" என்றாள் உள்ளேயிருந்து டிலானி. "நம்மளோடதா? அது அலுமாரியில நல்லாத்தானே இருக்கு. இருங்க, எடுத்துட்டு வாறேன்."

"நீ இரு. நானே எடுக்கிறேன்."

அலுமாரியிலிருந்து அதை எடுத்துக்கொண்டு பாத்ரூமுக்குள் புகுந்து தாழ்ப்பாள் போட்டார். கை கழுவும் பேசினில் ஒரு தட்டுத் தட்டினார். உடையவில்லை. இன்னொரு தட்டு. அப்போதும் உடையவில்லை. மகள் பிறந்த வருடம் வாங்கியது. அந்தக் காலத்துச் சாமான். மூன்றாவது தடவை ஓங்கி அடித்ததில் கையில் நுனி மட்டும் மிஞ்சியது. வெள்ளி உருண்டைகள் பேசினில் குதித்து, தரையில் சிதறி, வாளிக்கு அடியிலும் கதவு இடுக்கிலுமாக ஓடி ஒளிந்தன. யோகராஜ் முழந்தாளிட்டு ஒன்றைப் பிடிக்கப் போனார். அது இரண்டாகியது. இரண்டைப் பிடிக்கப் போனார்.

சர்மிளா வெளியிலிருந்து கத்தினாள். "அப்பா, கையால தொடாதீங்க. கூட்டவும் கூடாது. ஜன்னலத் தெறந்து விட்டுட்டு வெளிய வாங்க. அந்த ஆவிதான் ஆபத்து."

அவர் வெளியே வந்ததும் அவள் கதவிடுக்கில் ஈரத் துணியை அடைத்தாள். சனிக்கிழமை டொக்டர் வந்து பார்க்கும் வரை யாரும் உள்ளே போகக்கூடாது என்று தாளில் எழுதி ஒட்டினாள். குடும்பமே பக்கத்து வீட்டு டொய்லட்டுக்கு இரவல் போக ஆரம்பித்தது. லெட்சுமணன் மட்டும் வாசலில் நின்று யோசித்துக்கொண்டிருந்தான்.

"ஒடைஞ்சு கெடந்திச்சுன்னு சொன்னீங்க, இப்பதானே அண்ணே சத்தம் கேட்டுச்சு?"

யோகராஜ் கதவில் ஒட்டிய தாளை இன்னொரு தடவை அழுத்தி ஒட்டினார். லெட்சுமணன் சனிக்கிழமை தானும் வருவதாகச் சொல்லிவிட்டுப் போனான்.

சனிக்கிழமை பத்து மணிக்கு வெள்ளை வேன் வந்து படிக்கட்டடியில் நின்றபோது, வாசலில் இருபது பேராவது இருந்தார்கள். லெட்சுமணன் வாழையிலையில் ஒரு பெரிய மீனோடு முன்வரிசையில் நின்றான். டொக்டர் நுஸ்ஹா ஆராய்ச்சிக் கோப்பொன்றைக் கையில் பிடித்தபடி மூச்சு வாங்க ஏறி வந்தார். பின்னால் சாரதி ஷாமில் தோளில் ஒரு பையும் கக்கத்தில் சுருட்டிய துணியுமாக வந்தான். கூட்டத்தைக் கண்டு டொக்டர் சிரித்தார். "இவ்வளவு பேர் வருவாங்கண்டு நான் நினைக்கல்ல."

"டொக்டர், மொதல்ல இத ஒங்க மெஷின்ல வச்சுப் பாருங்க," என்று லெட்சுமணன் மீனை நீட்டினான். "இதுல ஒண்ணுமில்லன்னு ஒரு வார்த்த சொல்லிட்டுப் போங்க. ஏவாரம் செத்துப் போச்சு. வேற தொழில் எனக்குத் தெரியாது."

"மொதல்ல பாத்ரூம் டொக்டர்," என்றாள் டிலானி. "ரெண்டு நாளா அடைச்சு வச்சிருக்கோம். இவருக்குக் கிட்னி போயிருச்சுங்களா? மறைக்காம சொல்லுங்க. நான் எதையும் தாங்கிக்குவேன்." சொல்லும்போதே அவளால் தாங்க முடியவில்லை. சர்மிளா அம்மாவைப் பிடித்துக்கொண்டாள். அவள் கண்ணும் கலங்கியிருந்தது.

"ஆன்ட்டி, கொஞ்சம் பொறுங்க, கிட்னிக்கு என்ன?" என்று டொக்டர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். இருபது பேரின் சத்தத்தில் அது யாருக்கும் கேட்கவில்லை.

யோகராஜ் மனைவியைப் பார்த்தார். மகளைப் பார்த்தார். லெட்சுமணன் கையில் வாழையிலை வாடியிருந்தது. ஆயிரம் பேருக்கு முன்னால் மைக் பிடித்த மனிதர் அன்றைக்குக் கோட்டும் மைக்கும் இல்லாமல் ஓரடி முன்னால் வந்தார். காற்சட்டைப் பைக்குள் கைவிட்டு டப்பாவை எடுத்து, கூட்டத்துக்கு முன்னால் கதிரையில் வைத்தார்.

"மீனும் இல்ல, தேமாமீட்டரும் இல்ல," என்றார். "தேமாமீட்டர ஒடைச்சதே நான்தான். இதத்தான் ரெண்டு வருஷமா பூசுறேன். காலையில ஒரு தரம், கல்யாண வீடுன்னா ரெண்டு தரம். லெட்சுமணன், என்னய மன்னிச்சிரு."

லெட்சுமணன் மீனைப் படியில் இறக்கி வைத்தான்.

"அது என்னோட கிரீமாப்பா?" என்று மெதுவாகக் கேட்டாள் சர்மிளா.

"அது எப்பவோ முடிஞ்சிருச்சும்மா. இது ஒம்பதாவது."

டிலானி கண்ணைத் துடைத்துக்கொண்டு கணவனின் முகத்தையே பார்த்தாள். "தலகாணி ஒறையில எப்பவும் மாவு மாதிரி இருக்கும். நான் சவுக்காரத்த மாத்தி மாத்தித் துவைச்சேன்," என்றாள். அதற்கு அவள் ஏசியிருந்தாலும் பரவாயில்லை என்று யோகராஜுக்குத் தோன்றியது.

டொக்டர் நுஸ்ஹா டப்பாவைக் கையில் எடுத்துப் புரட்டிப் பார்த்தார். நெற்றி சுருங்கியது. ஷாமிலிடம் பையை வாங்கி, துப்பாக்கி மாதிரியான ஒரு கருவியை எடுத்து டப்பாவின் மேல் பிடித்தார். கூட்டம் ஓரடி பின்வாங்கியது. ஒரு நிமிடம் போனது. அவர் கருவியை இன்னொரு தடவை பிடித்துப் பார்த்தார்.

"இதுல மேர்குரி துளியும் இல்ல அங்கிள். வெறும் பவுடரும் மெழுகும் வாசனையுந்தான். உங்கள யாரோ நல்லா ஏமாத்தியிருக்காங்க."

யோகராஜ் தன்னையறியாமல் கன்னத்தைத் தடவிப் பார்த்தார். இரண்டு வருடமாகக் கண்ணாடியில் தெரிந்ததெல்லாம் என்ன என்று அவருக்கு விளங்கவில்லை.

"அப்ப மீன்லயும் இல்ல, இதுலயும் இல்ல," என்றான் லெட்சுமணன், விரல் மடக்கி.

"அப்ப இவரு ஒடம்புல இருக்கிற மேர்குரி எங்கயிருந்துதான் வந்துச்சு?" என்றாள் டிலானி.

டொக்டர் ஆராய்ச்சிக் கோப்பையும் யோகராஜின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றதால், பின்னால் துணியை விரித்துச் சுவரில் மாட்டிவிட்டுக் கெமராவோடு காத்துக்கொண்டிருந்த ஷாமில்தான் பதில் சொன்னான்:

"அங்கிளுக்கு மேர்குரி ஈக்கிண்டு யாரு சொன்ன? முந்நூறு பேர்ல ஆகக் கொறவு அவருக்குத்தான், அதாலதானே 'கிரீம் பூசாத முகம்'ண்டு போஸ்டருக்கு அவரப் படம் எடுக்க வந்தீக்கிறம்."