முகப்புக்கு ஒரு மொட்டைக் கடுதாசி

நவநீதன் வூட்டு முகப்பை இடிக்க வைக்காம ஓய மாட்டேன்னு பல்லு விளக்கும்போதே முடிவு பண்ணிட்டேன்.

நவநீதன் என் எதிர்வூட்டுக்காரன். எங்க தெருக்கோடியில ஆயிரம் வருசத்துக் கோயில். அதனால எங்க தெருவுல வூட்டு முகப்புல எதை மாத்தினாலும் தொல்லியல் துறைகிட்ட அனுமதி வாங்கணும். இவன் என்னடான்னா மரத்தூண், சுண்ணாம்புப் பூச்சு, ஓட்டுச் சாய்ப்புன்னு வூட்டை மாப்பிள்ளை மாதிரி ஜோடிச்சு நிறுத்திட்டான். வயிறு எரியுதுங்க! எரியாதா பின்னே? என் பொண்டாட்டி மலர்விழி காபி டம்ளரோட வாசல்ல நின்னு அதையே பாக்கறா.

"என்ன லட்சணம் பாருங்க!"

"நம்ம வூட்டுக்கு என்னடி குறைச்சல்?"

"அந்த நீலத் தகரத்தைக் கழட்டுங்கன்னு நாலு வருசமா சொல்றேன்."

என் பைக் நனையாம இருக்க வாசல் முன்னாடி நானே போட்ட தகரம் அது. அதைப் போய்!

"அவன் அனுமதி வாங்கியிருக்கவே மாட்டான். மொட்டைக் கடுதாசி போடலாம். நீ எழுது."

"நீங்களே எழுதறதுதானுங்களே?"

"ரேஷன் கடை பலகையில தினம் எழுதறவன் நான். என் கையெழுத்து ஊருக்கே தெரியும்டி."

மறுபேச்சு பேசாம பேனாவை எடுத்தா. அப்பவே எனக்குச் சந்தேகம் வந்திருக்கணும்.

"கோயில் தெருவையே கெடுக்கற வூடுன்னு போடு. கதவு எண்ணை மறந்துடாத!"

"மறப்பேனுங்களா?"

படிச்சுப் பாக்கக் கண்ணாடி உள்ள இருந்துச்சு. எந்திரிச்சுப் போகச் சோம்பல். அப்படியே ஒட்டி, நானே தபால் பெட்டியில போட்டேன்.

பத்தாம் நாள் ஜீப் வந்துச்சு. இஸ்திரி போட்ட சட்டையோட வாசல்ல சேர் போட்டு உக்காந்தேன். அதிகாரி நவநீதன் வூட்டைப் பாத்தாரு. "அனுமதியில இருக்கற மாதிரியே கட்டியிருக்கீங்க, சந்தோசம்"னாரு. அப்புறம் நேரா என்கிட்ட வந்தாரு.

"கதவு எண் பதினாலு இதானுங்களே? இந்தத் தகரத்துக்கு அனுமதி வாங்கினீங்களா?"

மலர்விழியைத் திரும்பிப் பாத்தேன்.

"தெருவையே கெடுக்கற வூடுன்னு சொன்னீங்க," காதுக்குள்ள சொன்னா. "எனக்குத் தெரிஞ்ச நம்பரைப் போட்டேனுங்க."

ஒரு வாரத்துல கழட்டணும்னு சொல்லிட்டு ஜீப் கிளம்பிடுச்சு. அடுத்த நிமிசமே ஸ்பேனரும் கையுமா நவநீதன் வந்து மளமளன்னு மேல ஏறிட்டான்.

"அண்ணனுக்கு என்ன சுறுசுறுப்பு பாருங்க!"ன்னா மலர்விழி.

எங்க பாக்கறது? கீழ ஏணியைப் பிடிச்சுக்கிட்டு நின்னது நானுங்க.