கதவில் ஒரு தோமிலா

"அது ‘சோமிலா’ இல்ல, ‘தோமிலா’! அசலை மாத்த நாம யாரு?"

பெயின்ட் பிரஷ்ஷும் கையுமாக வாசற்கதவின் முன் நின்று மனைவியிடம் கத்திக்கொண்டிருந்தார் புரூஃப் ரீடர். அச்சகத்தில் பிழை பார்த்துப் பார்த்து, வீட்டில் யார் வாயைத் திறந்தாலும் சிவப்புப் பேனாவைத் தேடுகிற ஆசாமி.

விஷயம் இதுதான். சின்ன வயதில் அவரும் அக்காவும் மாடிப்படிக்கு அடியில் உட்கார்ந்து சொந்தமாக ஒரு பாஷை வைத்திருந்தார்கள். அதில் "தோமிலா" என்றால் "சண்டை போதும், வா" என்று அர்த்தம். இருவருக்கும் கல்யாணமாகி வீடு இரண்டானதும் பாஷையும் இரண்டு கிளையாகப் பிரிந்தது. தம்பி வீட்டில் தோமிலா தோமிலாவாகவே இருந்தது. அக்கா வீட்டில் ‘த’ எல்லாம் ‘ச’வாகிவிட்டது.

போன வருடம் போனில் அக்கா மகனின் உச்சரிப்பை இவர் திருத்தப்போக, "என் பிள்ளைக்கு நீ வாத்தியாரா?" என்று போனை வைத்தவள்தான் அக்கா. அதோடு பேச்சு நின்றது. இப்போது அவர்கள் குடும்பத்தோடு வெளிநாட்டுக்குக் குடிபோகிறார்கள். போகிற வழியில் இன்று எட்டிப்பார்க்க வருகிறாள். இன்றைக்கு விட்டால் எந்தக் காலத்தில் பார்ப்பதோ! அதனால்தான் கதவில் இந்த வரவேற்பு.

"‘தோ’ போட்டீங்கன்னா, பழைய சண்டைக்குத்தான் கூப்பிடறீங்கன்னு உங்க அக்கா நினைப்பாங்க," என்றாள் மனைவி.

நியாயம்தான். மனதைக் கல்லாக்கிக்கொண்டு அழித்துவிட்டு ‘சோ’ போட்டார்.

"ஐயோ அப்பா, அத்தையைக் கிண்டல் பண்ற மாதிரி இருக்கு," என்றாள் மகள்.

இரண்டையும் எழுதி நடுவில் கோடு போட்டார்.

"கோர்ட்டு கேஸ் மாதிரி இருக்குங்க."

மொத்தத்தையும் துணியால் துடைத்தார். கதவு முழுக்க நீலம் அப்பிக்கொண்டது. கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதைதான்.

துணியும் கையுமாக அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். அந்தப் பாஷை பிறந்த வருடம் நினைவுக்கு வந்தது. என்ன ஒரு வருடம் அது! பள்ளிக்கூடத்தில் ஒருத்தனோடும் பேசமாட்டார். இவ்வளவு ஒசத்தியான பாஷை கைவசம் இருக்க, அந்தப் பயல்களோடு என்ன பேச்சு என்ற கர்வம். வகுப்புப் புகைப்படத்தில்கூட வாயை இறுக்க மூடிக்கொண்டுதான் நிற்கிறார். மணியடித்ததும் ஓடிவந்து அக்காவோடு படிக்கு அடியில் புகுந்தால், இருட்டும்வரை வாய் ஓயாது. அப்படி அவர் பிறகு யாரோடும் பேசியதே இல்லை. அக்கா வேண்டும் அவருக்கு, அவ்வளவுதான்.

உள்ளே போய்க் கை கழுவுவதற்குள் அவர்கள் கதவைத் தள்ளிக்கொண்டு வந்துவிட்டார்கள். அக்கா புருஷனின் வெள்ளைச் சட்டையில் பாதி நீலம். மனிதர் வாய் திறந்து யாரும் கேட்டதில்லை.

"வாக்கா" என்பதோடு நிறுத்தியிருக்கலாம். நாக்கில் சனி உட்கார்ந்திருந்தால் யார் என்ன செய்வது?

"அக்கா, இனிமே நான் திருத்தவே மாட்டேன். நீ தப்பாச் சொன்னாலும் பரவாயில்ல."

"தப்பாவா?" அக்காவின் மூக்கு விடைத்தது. "அந்தப் பாஷையை உண்டாக்கினதே நான்தான்டா!"

"உண்டாக்கினவளே கெடுக்கலாமா? அதுல எந்த வார்த்தையிலயாவது ‘ச’ இருந்துதா? நீயே சொல்லு!"

அக்கா பதில் சொல்ல வாயெடுத்தாள். தம்பி முகத்தைப் பார்த்ததும் அப்படியே விழுங்கிக்கொண்டாள். கண் கலங்கிவிட்டது.

"கிளம்பலாங்க," என்று பையைத் தூக்கினாள்.

அவள் புருஷன் நகரவில்லை. "சொல்லமாட்டேன்னு உனக்குச் சத்தியம் பண்ணினேன். இன்னிக்கு மட்டும் மன்னிச்சுக்கோ," என்று மனைவி கையிலிருந்து பையை வாங்கிக் கீழே வைத்தார். பிறகு தம்பியின் பக்கம் திரும்பினார்.

"மச்சான், அசல் உங்களோடதுதான். எங்க பிள்ளைங்களுக்குப் பல்லு இருந்துச்சு, அதனால ‘ச’வைச் சேத்துக்கிட்டோம். உங்களுக்கு அந்த வருஷம் முன்பல் ரெண்டும் போய் ‘ச’ வராம, பசங்க சிரிச்சதுல நீங்க பேச்சையே விட்டுட்டீங்க. உங்களைப் பேச வைக்கத்தான் இவ ‘ச’வே இல்லாம ஒரு பாஷையைக் கண்டுபிடிச்சா."