களவா மீனும் ஒன்றரைப் புட்டி தேங்காய் எண்ணெயும்

குமிழியைப் போக்கச் சொன்னார்கள். போக்கினேன். அப்புறம் நடந்ததற்கெல்லாம் நான் பொறுப்பில்லை என்று நாற்பது வருஷமாகத் தொண்டை கிழியச் சொல்லி வருகிறேன். வீட்டில் ஒரு ஜீவன் ஒப்புக்கொள்ளவில்லை. அதனால்தான் எழுதி வைக்கிறேன். எழுதும்போது யாரும் குறுக்கே பேச முடியாதல்லவா?

யுத்தத்துக்கு முந்தைய வருஷம். திருவனந்தபுரம் கடற்கரையை ஒட்டி ஒரு முதலாளி புதிதாக மீன் காட்சிசாலை கட்டியிருந்தார். விலங்கியலில் பட்டம் வாங்கிய எனக்கு அங்கே மீன்களைக் கவனிக்கிற வேலை. நானோ வலியசாலை அக்கிரகாரத்துப் பிள்ளை. அப்பா கல்யாணச் சமையல்காரர். கல்லூரியில் பாட்டிலுக்குள் கிடந்ததைத் தவிர மீனோடு எனக்குச் சகவாசம் கிடையாது. சாயங்காலம் வீடு திரும்பினால், கிணற்றடியில் நாலு வாளி தலையில் கொட்டிக்கொண்ட பிறகுதான் அம்மா உள்ளே விடுவாள்.

வேலை தற்காலிகம். வெள்ளிக்கிழமை முதலாளி வந்து பார்த்துத் திருப்தியானால் ஸ்திரமாகும். அது ஸ்திரமானால்தான் வடிவீஸ்வரத்து மங்களத்துக்கும் எனக்கும் கல்யாணம் என்று அவள் அப்பா தெளிவாகச் சொல்லிவிட்டார். பெண் பார்க்கப் போனபோது அவளை ஒரே ஒரு தடவை பார்த்திருந்தேன். (அதுவே போதுமானதாக இருந்தது.)

குறுக்கே வந்தது குமிழி. மொட்டைமாடியில் ஒரு சிமெண்டுத் தொட்டி. அதில் கடல்நீரை ஏற்றுவார்கள். அங்கிருந்து குழாய் வழியாக அது கீழே கண்ணாடித் தொட்டியில் விழும். விழும்போதே ஊசிமுனைக் குமிழிகள் லட்சக்கணக்கில் கூட வரும். அரிசிமாவைக் கரைத்துவிட்டதுபோல் தண்ணீர் முழுக்க மிதக்கும். கண்ணாடியில் ஒட்டும், செதிலில் ஒட்டும், மேலே நுரையாகத் திரளும். உள்ளே ஏழு சில்லறை மீன்களுக்கு நடுவே கம்பீரமாக ஒரு களவா மீன் இருந்தது. என் முழங்கை நீளம். அது இருப்பதே வெளியே நிற்பவர்களுக்குத் தெரியாது.

மானேஜர் வாசு பிள்ளை என்னைக் கூப்பிட்டு, “எடோ, முதலாளி வந்நா மீனைக் காணணும். இந்தப் பதையைக் காணக் கூடாது, கேட்டோ” என்றார். பதை என்றால் நுரை.

குழாய் வாயில் பழைய வேஷ்டியைக் கட்டிப் பார்த்தேன். பூசணிக்காய் அளவுக்கு உப்பி, பிய்த்துக்கொண்டு போய்க் களவாவின் தலையில் முக்காடாக விழுந்தது. தேங்காய் நாரை அடைத்துப் பார்த்தேன். குமிழி பாதி குறைந்தது, ஆனால் தண்ணீர் டீ நிறத்துக்கு வந்தது. மானேஜர் என் படிப்பைப் பற்றி மலையாளத்தில் சிலது சொன்னார். எனக்கு மலையாளம் நன்றாகத் தெரியும் என்பது அன்றைக்குப் பெரிய துரதிருஷ்டம்.

வியாழக்கிழமை அப்பாவுக்குத் தெருவிலேயே ஒரு விருந்துச் சமையல். உருளியில் பருப்பு பொங்கி நுரை விளிம்பைத் தாண்டப் பார்த்தது. அப்பா யாரோடோ பேசிக்கொண்டே ஒரு கரண்டி தேங்காய் எண்ணெயை விட்டார். நுரை ‘உஸ்’ஸென்று அடங்கிவிட்டது. பிறந்ததிலிருந்து பார்த்துவரும் காட்சிதான். அன்றைக்குத்தான் விஞ்ஞானமாகத் தெரிந்தது. ஒரு உருளிக்கு ஒரு கரண்டி என்றால் கண்ணாடித் தொட்டிக்கு எத்தனை உருளி? பென்சிலால் போட்டுப் பார்த்தேன். ஒன்றரைப் புட்டி வந்தது. (கணக்கில் இன்றுவரை ஒருவனும் பிழை கண்டுபிடித்ததில்லை.)

வெள்ளிக்கிழமை காலை மங்களத்தின் அப்பா வந்துவிட்டார், மாப்பிள்ளையின் உத்தியோக மகிமையைக் கண்ணால் பார்க்க. பின்னால் மங்களமும் நின்றாள். முதலாளியின் கார் வாசலில் நின்றதும், நான் தொட்டியின் பின்பக்கம் ஏறி ஒன்றரைப் புட்டியையும் கவிழ்த்தேன். நுரை அடங்கியது. சத்தியமாக அடங்கியது. இதை அடிக்கோடிட்டுப் படிக்கவும்.

ஆனால் பருப்பு உருளியில் மேலேயிருந்து குழாய் கொட்டுவதில்லை. இங்கே கொட்டியது. விழுந்த தண்ணீர் எண்ணெயை அடித்துக் கலக்கிற்று. முதலாளி வந்து நிற்பதற்குள் தொட்டி முழுக்க நீர்மோர் நிறம்.

முதலாளி கண்ணாடியில் மூக்கை வைத்துப் பார்த்தார். மீன் எங்கே என்று கேட்டார். உள்ளேதான் இருக்கிறது என்றேன். அது உண்மைதான். அதை நிரூபிக்கிறாற்போல் ஒரு பெரிய வாய் கண்ணாடிக்கு அருகே வந்து இரண்டு தடவை திறந்து மூடி, மறைந்தது. மீன்களுக்கு மூச்சு முட்டுகிறது என்று அப்போதுதான் உறைத்தது.

குழாயை மூட மாடிக்கு ஓடினேன். அங்கே கண்டேன் உண்மையை. மேல்தொட்டியில் பாதித் தண்ணீர்தான். கூரை தாங்காது என்று மானேஜர் போட்ட உத்தரவு. தண்ணீர் குறைவாக இருந்ததால் குழாய் வாயின் மேல் சுழி விழுந்து, காற்றை உறிஞ்சிக் கீழே அனுப்பிக்கொண்டிருந்தது. அத்தனை குமிழிக்கும் பிறப்பிடம் அதுதான்!

இறங்கி வருவதற்குள் மானேஜர் பதற்றத்தில் வடிகாலைத் திறந்துவிட்டார். எண்ணெயும் தண்ணீரும் தரையெல்லாம் ஓட, முதலாளி வழுக்கி உட்கார்ந்தார். அவரைத் தூக்க நாலு பேர் இருந்தார்கள். களவாவைத் தூக்க ஒருவரும் இல்லை. நான் தொட்டிக்குள் குதித்தேன். வாழ்க்கையில் முதன்முதலாக ஒரு மீனைத் தொட்டேன். தொட்டேன் என்ன, குழந்தைபோல் மார்போடு அணைத்துக்கொண்டேன். அது வாலால் என் கன்னத்தில் அறைய அறைய, “சார், மேல்தொட்டியை நிறைச்சு வைங்கோ, குமிழி வராது” என்று முதலாளியிடம் விளக்கினேன். ஈரத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு விஞ்ஞானம் ஏறாது. அங்கேயே என் சீட்டு கிழிந்தது.

களவாவையும் மற்ற ஏழு மீன்களையும் வாளிகளில் கடல்நீர் நிரப்பி விட்டு, எல்லாம் மூச்சு விடுகிறதா என்று பார்த்த பிறகுதான் திரும்பினேன். மங்களத்தின் அப்பா மேல்துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு புறப்பட்டாயிற்று. அப்போது மங்களம் நகராமல் நின்று அவரிடம் சொன்னாள்: “குமிழி போயிடுத்தேப்பா. மீனையும் விட்டுட்டு ஓடலையே அவர்.”

அந்த ஒரு வாக்கியத்துக்காக நான் இன்னும் எட்டுத் தொட்டியில் குதிப்பேன்.

மறுநாளே மானேஜருக்குச் சுழியின் படம் போட்டு நாலு பக்கம் கடிதம் எழுதினேன். பதில் இல்லை. எனக்கு நாகர்கோயிலில் வாத்தியார் வேலை கிடைத்தது, கல்யாணமும் ஆயிற்று. ஒரு நாள் இருவரும் டிக்கெட் வாங்கிக்கொண்டு காட்சிசாலைக்குப் போனோம். ஒரு குமிழி இல்லை. மேல்தொட்டியை இப்போது விளிம்புவரை நிரப்புகிறார்களாம். மானேஜரின் சொந்தக் கண்டுபிடிப்பாம். களவா மட்டும் கண்ணாடியருகே வந்து என்னை உற்றுப் பார்த்துவிட்டு, சட்டென்று பாறைக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டது.

இன்றைக்கும் அடுப்பில் பருப்பு பொங்கினால் மங்களம் எண்ணெய்க் கரண்டியைக் கையில் பிடித்தபடி கூடத்தைப் பார்த்துக் குரல் கொடுப்பாள்: “ஏன்னா, எண்ணெய் விடப் போறேன். உள்ளே மீன் ஏதாவது இருக்கான்னு வந்து பார்த்துச் சொல்லுங்கோ.” பேரன் பேத்திகள் உட்பட வீடே சிரிக்கும்.

நான் பேப்பரை இறக்குவதில்லை. “நுரை அடங்கித்தா, இல்லையா?” என்று மட்டும் கேட்பேன்.

“அடங்கித்து” என்பாள்.



“அவ்வளவுதான் என்னைப் பண்ணச் சொன்னது.”